"கூட்டம் செய்தது" என்று சொல்லலாமா?



நம் வாழவந்தி நாட்டிலிருந்து இன்று எத்தனையோ பெண் பிள்ளைகள் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் பிறப்பதற்கு முன் நடந்ததை எழுதுகிறேன்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை என்று சென்னையில் தீர்ப்பு. அ.தி.மு.க.வினர் பல ஊர்களில் மறியலில் இறங்கினார்கள். கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து, தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் அந்த மறியலில் சிக்கியது. பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா என மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். கோகிலவாணி நம் நாமக்கல் பெண்.

முதலில் நடந்த விசாரணையில் சாட்சிகள் பல்டி அடித்தார்கள். கோகிலவாணியின் தந்தை உயர் நீதிமன்றப் படியேறிய பிறகுதான் வழக்கு சேலத்துக்கு மாறியது. 2007இல் மூவருக்குத் தூக்கு, 25 பேருக்குச் சிறை. 2010இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. 2016இல் அதே நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கூட்ட வெறியில் நடந்தது, மாணவிகளைக் கொல்லும் எண்ணம் இல்லை என்பது காரணம். 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி மூவரும் விடுதலையானார்கள்.

ஒரு உயிருக்கு இன்னொரு உயிர் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் தண்டனை குறைந்தால் பொறுப்பும் குறைந்துவிடுமா?

வகுப்பில் கண்ணாடி உடைந்தால், "யார் உடைத்தது?" என்று கேட்பேன். "எல்லாரும்தான் சார்" என்பீர்கள். எல்லாரும் என்றால் யாருமில்லை என்று அர்த்தம். பேருந்து எரிந்ததும் அதே பதில்தான் வந்தது. கூட்டத்துக்குத் தனியாகக் கை கிடையாது. பெட்ரோலை ஊற்றியது ஒருவரின் கை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் ஊற்றிய பிறகு, "கொல்ல நினைக்கவில்லை" என்பது சட்டத்துக்குப் போதலாம், மனசாட்சிக்குப் போதாது.

பற்ற வைத்தவரோடும் அது முடியவில்லை. தடுக்காமல் நின்றவர்கள், பார்த்ததைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னவர்கள், தன் தொண்டரின் கோபத்தை விசுவாசம் என்று ரசித்த எல்லாக் கட்சித் தலைவர்கள். ஒவ்வொருவர் பங்கும் வேறு. ஒருவர் பங்கைக் காட்டி மற்றவர் தப்ப முடியாது.

போராட்டத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். உரிமை கேட்கத் தெருவுக்கு வரத்தான் வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒருவன் கேனோடு வந்தால் அவன் கையைப் பிடியுங்கள். அவன் உங்கள் கட்சிக்காரனாக இருந்தால் முதலில் பிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்