செம்மை: நிறமும் நேர்மையும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் வாயிலையொட்டிச் செல்லும் சாலைக்குச் செங்கம் சாலை என்று பெயர். அது சென்றடையும் செங்கமே, மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா என்பர் அறிஞர். செங்கண் என்பதில் நிற்கும் 'செம்' என்னும் அடை நிறத்தைக் குறிப்பது, ஐயத்திற்கு இடமில்லை. கன்னடம் இந்நிறத்தைக் 'கெம்பு' என்னும், செவியைக் 'கிவி' என்பது போல. தமிழ் சகரமாக்கிக்கொண்ட முதலெழுத்தை அம்மொழி ககரமாகவே காத்து வைத்துள்ளது.

ஆனால் செங்கோல் சிவப்பான கோல் அன்று. அதன் எதிர்ச்சொல் கருங்கோலும் அன்று, வெண்கோலும் அன்று; கொடுங்கோல். கொடுமை என்பதன் பழம்பொருள் வளைவு. செந்தமிழுக்கு எதிரே உரையாசிரியர்கள் கொடுந்தமிழை நிறுத்தியதும் இவ்வாறே. ஒரு சொல்லின் பொருளை அதன் எதிர்ச்சொல்லே காட்டிக்கொடுப்பதற்கு இதனினும் நல்ல சான்று அரிது. செந்தமிழ் என்பதை வெற்று அலங்காரமாகக் கவிதையில் அள்ளித் தெளிப்போர், அதனுள் ஒரு நேர்கோடு இருப்பதை மறந்துவிடுகின்றனர். செங்குத்து, செவ்வனே என்னும் அன்றாடச் சொற்களிலும் அக்கோடே உள்ளது. மெய்யுணர்தல் அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட 'செம்பொருள்' என்னும் சொல்லுக்கு, மாறுபாடின்றி எக்காலத்தும் ஒரு தன்மைத்தாய் நிற்பது எனக் காரணம் காட்டுவார் பரிமேலழகர். 2004இல் தமிழைச் செம்மொழி என நடுவணரசு அறிவித்தபோது, ஆங்கிலத்தின் 'கிளாசிக்கல்' என்னும் பெயரடைக்கு ஈடாய் நின்றதும் இச்சொல்லே. அதன் இலத்தீன் மூலம் உயர்ந்த வகுப்பைக் குறித்தது. நிறம் அங்கும் இல்லை.

இனி மலைக்கு வருவோம். சம்பந்தரும் அப்பரும் பாடிய பெயர் அண்ணாமலை. அண்ணா என்பது அண்ணாத, அதாவது நெருங்க இயலாத என்று பொருள்படும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அடிமுடி காணா வரலாற்றுக்கு அது பொருந்தும். அருணாசலம், சோணசைலம் என்னும் வடமொழிப் பெயர்களோ நிறம் பற்றியவை. அருணம் விடியலின் நிறம், சோணமும் செந்நிறமே. 1896இல் இவ்வூர் வந்த ரமணர், அருணாசல நவமணிமாலையில் அ, ரு, ண என்னும் எழுத்துகளுக்குச் சத்து, சித்து, ஆனந்தம் எனப் பொருள் காண்கிறார். நிறப்பெயர் மெய்ப்பொருட்பெயராகிறது.

அருணாசலத்தைச் 'சிவப்பு மலை' எனத் தமிழாக்கினால் நிறம் மட்டுமே எஞ்சும். 'செம்மலை' என்றால் செம்பொருளும் உடன்வரும். இறைவனின் சேவடி சிவந்த அடியா, செவ்விய அடியா? இலக்கணம் இரண்டையும் செம்மை + அடி என்றே பிரிக்கும்.