ரோபோ: ஒரு குடியானவப் பெயர்

ரோபோ என்றதும் இரும்பும் ஒயரும் கண்முன் வருகின்றன. ஆனால் அந்தப் பெயரை முதலில் தாங்கிய உருவங்களில் இரும்பே கிடையாது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தின் ரோபோக்கள் தசையும் நரம்பும் உள்ளவை. ஒரு தீவுத் தொழிற்சாலையில் செயற்கை உயிர்க்கூழைத் தொட்டிகளில் பிசைகிறார்கள். நரம்பையும் குடலையும் ஆலையில் நூற்கிறார்கள்.

பெயர் வைத்தவர் காரெலின் அண்ணன், ஓவியர் யோசெப். தம்பி லத்தீன் வழியாக ‘லபோரி’ என்று யோசித்திருந்தார்; அதில் ஏட்டு வாடை அடித்தது. அண்ணனிடம் போனார். படம் தீட்டிக்கொண்டிருந்த யோசெப், வாயில் கவ்விய தூரிகையோடே ரோபோட் என்று வைக்கச் சொல்லி முணுமுணுத்தாராம். 1933இல் காரெலே எழுதி, அந்தப் பெருமையை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார்.

யோசெப் எடுத்துக் கொடுத்தது ஊரறிந்த சொல். ‘ரோபோட்டா’ என்றால் நிலப்பிரபுவின் வயலில் குடியானவர்கள் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருகிறதே, ஏறக்குறைய அதுதான். 1680இல், செக் நிலத்தை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு இதற்கு வாரம் மூன்று நாள் என்று வரம்பு கட்டியது. அடியோடு ஒழிந்தது 1848இல். சாபெக் பிறந்த 1890இல், அந்த வேலையைச் செய்த கைகள் பல இன்னும் உயிரோடு இருந்திருக்கும். ரஷ்ய மொழியில் ‘ரபோத்தா’ என்பது வெறும் வேலை; ‘ராப்’ என்றால் அடிமை. ஜெர்மானியர் வேலைக்குச் சொல்லும் ‘ஆர்பைட்’டும் இந்தக் குடும்பம்தான்.

ஆக, மனிதர்கள் பட்ட பாட்டின் பெயரைத்தான் செயற்கை மனிதன் சுமக்கிறான். நாடகத்தின் தொடக்கமே மனிதர் யார், ரோபோ யார் என்ற குழப்பத்தில்தான் ஓடுகிறது. தீவுக்கு வரும் ஹெலனா, சுல்லா என்ற ரோபோவை மனுஷி என்றே நம்பி, நிர்வாகி சொல்வதை ஏற்க மறுக்கிறாள். அடுத்து வரும் தொழிற்சாலை அதிகாரிகளை ரோபோக்கள் என்று எண்ணி, அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறாள். சிரிப்புக் காட்சிதான். அந்த அதிகாரிகளுக்கும் தொழிற்சாலையைத் தவிர வேறு வாழ்வில்லை என்பது உறைக்கும்போது சிரிப்பு பாதியில் நிற்கிறது.

செயற்கை மனிதனுக்கு வைத்த மற்றப் பெயர்கள் வேறு திசையில் போயின. ‘ஆண்ட்ராய்டு’ கிரேக்க வேரில் ‘மனித உருவினது’ என்பதோடு நின்றுவிடும். பிலிப் கே. டிக்கின் 1968 நாவலில் ஆண்ட்ராய்டுகளை வேட்டையாடுபவன், அவர்களைக் கண்டுபிடிக்கும் சோதனையைத் தன்மேலேயே நடத்திப் பார்க்கிறான். அந்நாவலிலிருந்து 1982இல் வந்த ‘பிளேடு ரன்னர்’ படத்துக்காக ‘ரெப்ளிகன்ட்’ பிறந்தது; உயிரணு தன்னையே படியெடுப்பதைச் சொல்லும் சொல்லைத் திரைக்கதையாசிரியர் டேவிட் பீப்பிள்ஸுக்கு நினைவூட்டியவர் அவர் மகள். உருவம், நகல் என்று பெயர் வைத்தால் ‘நான் அசலா?’ என்ற சந்தேகம் வரும். உழைப்பின் பெயர் கிளப்பும் சந்தேகம் வேறு: என் நாள்கள் என்னுடையவையா? எனக்கு இதுதான் கூடுதலாகக் குத்துகிறது.

சாபெக்கின் கதையில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனிதர்களைக் கொல்கின்றன. தப்பவிடுவது கட்டுமானப் பொறுப்பாளர் அல்குவிஸ்டை மட்டும். காரணத்தையும் அவையே சொல்கின்றன: அவர் கையால் வேலை செய்கிறார், ரோபோவைப் போல.