பகுப்பெண்ணும் தேடுசொல்லும்: பல்கலைக்கழக நூலகத் தேடுகருவிகளின் வரலாற்றில் ஒரு நோக்கு

0. முன்னுரை

பல்கலைக்கழக நூலகங்கள் இணையவழிச் சேவைகளையும் புதிய தேடுகருவிகளையும் திட்டமிடும்போது, அப்பணி நூலகர்க்கும் கணினி வல்லுநர்க்கும் மட்டுமே உரியதெனக் கருதப்படுவது வழக்கம். ஆயின் நூலைத் தேடுவோர் சொல்லைக் கொண்டே தேடுகின்றனர். ஒரு சொல் எவ்வாறு எழுதப்படுகிறது, எவ்வாறு திரிகிறது, ஒரு பொருளுக்கு எத்தனை சொற்கள் வழங்குகின்றன என்பன மொழியியலின் வினாக்கள் ஆகும். இவ்வினாக்களை நூலகவியல் எவ்வாறு எதிர்கொண்டது, தமிழைப் பொறுத்தவரை எஞ்சி நிற்கும் பணி யாது என்பவற்றைச் சென்னையிலும் பெங்களூருவிலும் நிகழ்ந்த முயற்சிகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சென்னை: ஒரே பல்கலைக்கழகத்தில் இரு பணிகள்

1924ஆம் ஆண்டு சனவரியில் கணித ஆசிரியர் சீ. இரா. அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வெளிவரத் தொடங்கியது. 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. பேரகராதி சொல்லை முதலாகக் கொண்டு பொருளைக் கூறிற்று. அரங்கநாதனோ பொருளை முதலாகக் கொண்டார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, அறிவுத்துறைகளை முன்கூட்டியே எண்ணி அடுக்கிய பழைய முறைகளைப் போன்றதன்று. ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளுக்குரிய குறிகளை இணைத்துப் பகுப்பெண்ணை ஆக்கும் முறை அது. அக்கூறுகளை அவர் பின்னர் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படை வகைகளில் அடக்கினார்.

சான்றாக, இலக்கியத்திற்கு ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தும், தமிழுக்கு 31 என்பதும், கவிதைக்கு 1 என்பதும் குறிகளாகும். இவற்றோடு 1882 என்னும் பிறப்பாண்டைச் சுட்டும் ‘எம் 82’ என்னும் குறி சேரின், அவ்வெண் பாரதியாரின் கவிதைகளைக் குறிக்கும். நூல் எம்மொழியில் எவ்வெழுத்தில் அச்சிடப்பட்டிருப்பினும் பொருளுக்குரிய எண் மாறாது.

எனினும் வாசகர் எண்ணை அறியார்; சொல்லையே அறிவார். இதனை உணர்ந்த அரங்கநாதன் சங்கிலி முறை என்னும் உத்தியை வகுத்தார். பகுப்பெண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் சொல்லாக மாற்றிக் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதினால் ‘கவிதை, தமிழ், இலக்கியம்’, ‘தமிழ், இலக்கியம்’, ‘இலக்கியம்’ எனச் சொல்லடைவுத் தலைப்புகள் கிடைக்கும். எண் பொருளைத் திரட்டும்; சொல் வாசகரை எண்ணிடம் அழைத்துச் செல்லும். பின்வந்த தேடுகருவிகளை மதிப்பிடுவதற்கு இவ்விரு பணிகளின் வேறுபாடே அளவுகோலாகிறது.

2. பெங்களூரு: பொருளின் தொடரியல்

1957இல் சூரிச் நகரிலிருந்து திரும்பிய அரங்கநாதன் பெங்களூருவில் குடியமர்ந்தார். 1972இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஒரு பிரிவாக ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையம் அவர் முயற்சியால் அந்நகரில் நிறுவப்பட்டது. அவர் முன்வைத்த கருதுகோள்களுள் மொழியியலார் கருதத்தக்கது ‘தனித் தொடரியல்’ என்பதாகும். ஒரு பொருளின் கூறுகள் மனத்தில் அமையும் வரிசை, தாய்மொழி எதுவாயினும் பெரும்பாலோர்க்கு ஒன்றாகவே இருக்கும் என்பது அதன் சாரம். அம்மையத்தைச் சேர்ந்த கணேஷ் பட்டாசார்யா பொருளடைவு மொழிகளின் ‘புதைநிலை அமைப்பு’ பற்றி ஆராய்ந்து ‘பாப்சி’ என்னும் அடைவாக்க முறையை உருவாக்கினார்.

கணினி வந்தபின் இதே நகரம் வேறொரு வகையிலும் முன்னின்றது. 1980களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவோடு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இயங்கிய தேசிய அறிவியல் தகவல் மையம், ஆய்வாளரின் துறைக்கேற்பக் கட்டுரை விவரங்களைத் தெரிந்து அனுப்பும் சேவையை நடத்தியது. 2002இல் அந்நிறுவனம் தன் ஆய்வுக் கட்டுரைகளுக்கு இணையவழிக் களஞ்சியத்தை அமைத்தது. அக்கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தமையால் இந்திய மொழிகளுக்குரிய சிக்கல்கள் ஆங்கு எழவில்லை.

மேலைநாட்டில் 2006 சனவரியில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் தன் பட்டியலில், தேடல் முடிவுகளைத் துறை, காலம், மொழி, வடிவம் எனக் கூறுகளால் சுருக்கிக்கொள்ளும் வசதியை அறிமுகப்படுத்தியது. இன்று பல நூலகங்களில் காணப்படும் இவ்வசதி, கூறுகளாகப் பிரித்து அணுகும் அரங்கநாதனின் கோட்பாட்டிற்கு நெருங்கியதே. பொருளைத் திரட்டும் பணி இவ்வாறு கணினியிலும் இடம்பெற்றது. தமிழ்ச் சொல்லின் நிலை அவ்வாறன்று.

3. எழுத்துநிலைச் சிக்கல்கள்

கணினிப் பட்டியல்கள் தொடக்கத்தில் உரோமன் எழுத்தை மட்டுமே ஏற்றன. எனவே தமிழ் நூற்பெயர்கள் எழுத்துப்பெயர்ப்பில் பதிவாயின. பன்னாட்டு நூலகங்கள் பின்பற்றும் முறை, பேரகராதியின் முறையைப் போலவே, ஒலியை அன்றி எழுத்தைப் பெயர்ப்பது. ஆராய்ச்சிக்கு அது செம்மையானது, வாசகர்க்கு அயலானது. காந்தி பற்றிய நூலை ‘ஜி’ என்னும் எழுத்தில் தொடங்கித் தேடுவோர், அந்நூற்பெயர் ‘கே’ என்னும் எழுத்தின்கீழ் இருப்பதை அறியார். நூல் அடுக்கில் இருந்தும் இல்லாததாகிறது.

1991இல் வெளிவந்த ஒருங்குறி இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. தமிழக அரசு 2010இல் அதனை ஏற்றது. ஆயினும் மூன்று சிக்கல்கள் எஞ்சின. முதலாவது, ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவற்றை இயல்பாக்கம் செய்யாத தேடுபொறி வேறெனக் கொள்ளும். இரண்டாவது, ‘ஔ’ என்னும் எழுத்திற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டச்சிடுவோர் பலர். மூன்றாவது, ஒருங்குறியின் குறிவரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. நெடுங்கணக்கிலோ அது இறுதி எழுத்து. குறிவரிசைப்படி அடுக்கிய பட்டியல் தமிழ் அகர வரிசை ஆகாது.

4. சொல்நிலை, பொருள்நிலைச் சிக்கல்கள்

‘மரம்’ எனத் தேடினால் ‘மரத்தை’, ‘மரங்கள்’ என்பன அகப்படா. சாரியை ஏற்கும்போதும் பன்மை விகுதி சேரும்போதும் ஈற்று மகரம் நிலைப்பதில்லை. ‘சொல்’ எனத் தேடினால் ‘சொற்பிறப்பியல்’ வாராது. லகரம் றகரமாகத் திரிந்துள்ளது. ‘தமிழ்க் கல்வி’ பிரித்தும் சேர்த்தும் எழுதப்படுகிறது. புணர்ச்சி விதிகளும் உருபனியல் பகுப்பாய்வும் தேடுபொறியில் இடம்பெறாவிடின், வாசகர் இலக்கணத்தின் எல்லா வடிவங்களையும் தாமே எண்ணித் தேட வேண்டியிருக்கும்.

பொருள்நிலையில் சிக்கல் மேலும் விரிகிறது. கம்ப்யூட்டர், கணிப்பொறி, கணினி, இலங்கை வழக்கில் கணனி என ஒரு பொருளுக்குச் சொற்கள் பல. கலைச்சொல்லாக்கமும் மொழிபெயர்ப்பும் பெருகுந்தோறும் ஒரே துறை நூல்கள் வெவ்வேறு சொற்களின்கீழ் சிதறுகின்றன. எந்தத் தேடுபொறியும் சொல்வடிவத்தை மட்டும் கொண்டு இவற்றை ஒன்றுசேர்க்க இயலாது. பகுப்பெண் இங்கேதான் மீண்டும் தேவைப்படுகிறது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகள் ஒருங்கே வழங்கும் பெங்களூரு போன்ற நகரின் நூலகத்தில் எம்மொழி நூலுக்கும் பொதுவான எண் ஒன்று இருப்பது சிறப்பாகப் பயன்படும்.

5. முடிவுரை

அட்டைப் பட்டியலின் காலத்தில் எண்ணும் சொல்லடைவும் இணைந்தே இயங்கின. கணினித் தேடல் சொல்லை முதன்மையாக்கியது. எண் அடுக்கின் இடத்தைக் காட்டும் முகவரியாகச் சுருங்கிற்று. புதிய தேடுகருவியைத் திட்டமிடும் பல்கலைக்கழகம் இவ்விரண்டையும் மீண்டும் இணைத்தல் வேண்டும். ஒவ்வொரு பகுப்பெண்ணோடும் அதற்குரிய தமிழ்ச் சொற்கள், வட்டார வழக்குகள், கடன்சொற்கள், பிறமொழி நிகரன்கள் ஆகியவற்றைப் பிணைத்த சொற்களஞ்சியம் ஒன்று இதற்கு இன்றியமையாதது. அதனைத் தொகுப்போர் மொழிபெயர்ப்பாளர். அதன் திரிபு விதிகளை வகுப்போர் மொழியியலார். திட்டக்குழுவில் இவ்விரு சாராரும் தொடக்கத்திலேயே இடம்பெறுதல் நன்று. வாசகரின் காலத்தைச் சேமிக்க என்பது அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளுள் நான்காவது. தன் மொழியில் தன் எழுத்தில் தேடும் தமிழ் வாசகர்க்கும் அவ்விதி பொருந்தும்.