எல்விஸை விற்றவர்

எல்விஸ் பிரெஸ்லியை வெறும் 35,000 டாலருக்கு விற்ற ஏமாளி என்று சாம் பிலிப்ஸைச் சொல்பவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் அந்தப் பழி அவருக்குப் பொருந்தாது. பொருந்துகிற பழி வேறு.

பிலிப்ஸ் அலபாமாக்காரர், வானொலியில் வேலை பார்த்தவர். 1950 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரத்தில் 706, யூனியன் அவென்யூவில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக்கூடம் திறந்தார. வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பதிவு செய்தார். ஆசையோ கறுப்பினப் பாடகர்கள் மேல். நிறத்துக்கு ஒரு வாசல் வைத்திருந்த ஊரில் பி.பி. கிங்கும் ஹவ்லின் உல்ஃபும் வந்து பாடிய கூடம் அது. 1951-ல் ஐக் டர்னர் குழு வந்தபோது கிட்டார் ஸ்பீக்கர் கெட்டுப்போயிருந்தது. வேறு யாராயிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இவர் அதற்குள் காகிதத்தைத் திணித்து, அந்தக் கரகரப்போடவே பதிந்தார். 'ராக்கெட் 88' பாட்டில் இன்றைக்கும் அதைக் கேட்கலாம்.

1952-ல் 'சன்' என்று சொந்த இசைத்தட்டு நிறுவனம். 1953-ல் அதற்கு முதல் வெற்றி தந்தவர் ரூஃபஸ் தாமஸ் என்ற கறுப்பினப் பாடகர். மெட்டு இன்னொரு பாட்டினுடையது என்று வழக்கு வந்து, பிலிப்ஸ் தோற்றார்.

அடுத்த வருஷம் எல்விஸ். இங்கேதான் இசைத்தட்டு வியாபாரத்தின் விசித்திரம். பாட்டு ஓடினால் சின்ன நிறுவனத்துக்குக் கஷ்டம்தான்! தட்டு அச்சடிக்கிறவருக்கு உடனே காசு கொடுக்க வேண்டும்; விநியோகஸ்தரோ மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். கடன் கழுத்தை நெரிக்க, 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ.வுக்கு விற்றார். அடுத்த மாதமே கார்ல் பெர்கின்ஸை வைத்து 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பதிவு. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஏமாளி செய்கிற காரியமா இது?

ஆனால் எல்விஸுக்குப் பிறகு ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ் என்று வெள்ளைக்காரப் பையன்கள் வரிசைகட்ட, கறுப்பினப் பாடகர்களுக்கு அந்தக் கூடத்தில் இடம் சுருங்கிப்போனது. சந்தை அப்படி இழுத்தது, சரி. ஆனால் யாரை நம்பிக் கடை திறந்தாரோ அவர்களையே அல்லவா விட்டார்? தன் பெரிய கண்டுபிடிப்பு ஹவ்லின் உல்ஃப்தான் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அதற்குள் உல்ஃப் சிகாகோ போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

ரூஃபஸ் தாமஸ் அந்த மனக்குறையை வெளிப்படையாகவே பேசியவர். 1960-ல் அவர் மகள் கார்லாவுடன் அதே ஊரில் இன்னொரு புது நிறுவனத்தின் கதவைத் தட்டினார். பின்னால் 'ஸ்டாக்ஸ்' என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்துக்கும் முதல் வெற்றியைத் தந்தது அவர்கள்தான்.