அதிகாரம்: ஒரு சொல்லின் பொருளும் வரலாறும்

அதிகாரம் என்பது ஆணையிட்டு நடத்தும் தகுதியைக் குறிக்கும் சொல். நூலின் ஒரு பகுதியையும் இதே சொல் குறிக்கிறது. மாவட்ட ஆட்சியரின் கையெழுத்துக்கு இருப்பது அதிகாரம். திருக்குறளில் 133 ஆக எண்ணப்படுவதும் அதிகாரம். இவை ஒலியால் மட்டும் ஒத்த இரண்டு சொற்கள் அல்ல. ஒரே சொல் இரு துறைகளில் வளர்ந்து பெற்ற பொருள்கள். ஒன்று எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்ற எல்லைக் கருத்து இரண்டிலும் உண்டு.

சொல்லின் வேர்

அதிகாரம் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். 'அதி' என்னும் முன்னொட்டுக்கு 'மேல்' என்று பொருள். 'க்ரு' என்னும் வினையடிக்குச் 'செய்' என்று பொருள். ஒருவரை ஒரு செயலின் மேல் அமர்த்துதல், பொறுப்பில் வைத்தல் என்பது இவை சேர்ந்து தரும் பொருள். ஆகவே அதிகாரம் ஒருவருக்குத் தானாக வாய்ப்பதில்லை. இன்ன காரியத்துக்கு என்று ஒப்படைக்கப்படுவது.

இதன் உறவுச் சொல்லான 'அதிகரணம்' என்பதற்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. அர்த்தசாஸ்திரத்தின் 15 பெரும்பிரிவுகள் அதிகரணம் எனப்படுகின்றன. வைசாலி அகழாய்வில் கிடைத்த குப்தர் காலக் களிமண் முத்திரைகளில் அதே சொல் அரசு அலுவலகத்தைக் குறிக்கிறது.

இலக்கணத்தில் அதிகாரம்

பாணினியின் இலக்கணத்தில் சில விதிகள் தலைப்பு விதிகளாக நிற்கின்றன. அவற்றின் பொருள் அடுத்து வரும் பல விதிகளுக்கும் தொடர்ந்து செல்லும். இத்தகைய விதிக்கு அதிகாரம் என்று பெயர். அது எந்த விதிவரை செல்லும் என்பதும் அறியப்பட வேண்டும்.

தமிழ் இலக்கண உரை மரபும் இக்கருத்தை ஏற்றது. நன்னூல் உரையில் அதிகாரம் இருவகையாக விளக்கப்படுகிறது. அரசன் தான் இருக்கும் இடத்தில் இருந்தே நாடு முழுவதையும் தன் ஆணைப்படி நடத்துவது போல, ஒரு சொல் நின்ற இடத்தில் நின்றே பல நூற்பாக்களை ஆள்வது ஒருவகை. படைத்தலைவன் பல இடங்களுக்கும் சென்று காரியம் நடத்துவது போல, ஒரு சொல் நூற்பாதோறும் சென்று பொருந்துவது மற்றொரு வகை. அரசு வேறு, இலக்கணம் வேறு என்று இன்றைய வாசகர் நினைக்கலாம். உரையாசிரியர்களுக்கோ ஒன்றை விளக்க மற்றொன்றே போதிய உவமையாக இருந்தது.

தொல்காப்பியத்தில் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல்கள் அடங்கும். திருக்குறளில் இந்த அளவு மாறுகிறது. அங்கே அதிகாரம் என்பது பத்துக் குறள் கொண்ட சிறு பகுதி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் நூலின் பெயரிலேயே இடம்பெறுகிறது. தமிழ் விவிலியத்தின் உட்பிரிவுகளும் அதிகாரம் என்றே வழங்குகின்றன. அளவு எதுவானாலும், ஒரு பொருள் ஆளும் பரப்பு என்ற கருத்து மாறவில்லை.

பதவிப் பெயராக

சோழர் கல்வெட்டுகளில் அரசு அலுவலர்கள் 'அதிகாரிகள்' என்று மரியாதைப் பன்மையில் குறிக்கப்படுகின்றனர். 'அதிகாரிச்சி' என்ற பெண்பால் வடிவமும் கல்வெட்டுகளில் காணப்படுகிறது.

பிரித்தானியர் காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில், அம்சம் எனப்பட்ட வருவாய்ப் பிரிவின் தலைவருக்கு அதிகாரி என்று பெயர். வரி வசூலிப்பது அவர் வேலைகளுள் ஒன்று. இலங்கையின் கண்டி அரசில் முதன்மை அமைச்சர்களின் பதவிப் பெயரே 'அதிகாரம்' என்பதாக இருந்தது. ஐரோப்பியர் இதை 'அதிகார்' என்று எழுதினர். அப்பதவியில் இருந்த எகலப்பொல, மன்னரோடு பகை மூண்டு 1814-இல் பிரித்தானியர் பக்கம் சென்றார். அடுத்த ஆண்டே கண்டி அரசு முடிவுக்கு வந்தது.

உரிமையா, ஆணையா?

வடமொழி மரபில் அதிகாரம் என்பதற்குத் 'தகுதி', 'உரிமை' என்ற பொருள்களும் உண்டு. ஜைமினியின் மீமாம்சை நூலின் ஆறாம் அத்தியாயம், வேள்வி செய்ய யாருக்கு அதிகாரம் உண்டு என்பதை ஆராய்கிறது. சூத்திரருக்கு அது இல்லை என்பது அங்கே எட்டப்படும் முடிவு. ஒருவருக்குத் தகுதி வழங்கும் சொல்லே இன்னொருவரை விலக்கவும் பயன்பட்டது.

இந்தியில் இன்று இச்சொல்லுக்கு 'உரிமை' என்பதே முதன்மைப் பொருள். இந்திய அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் இந்தியில் 'மூல் அதிகார்' எனப்படும். 2005-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தமிழில் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இந்தியில் அது 'சூச்னா கா அதிகார்'. தமிழில் உரிமை குடிமக்களிடம் இருப்பது. அதிகாரம் அரசிடம் இருப்பது. இந்தியில் குடிமகன் கோருவதைக் குறிக்கும் சொல், தமிழில் அவன் யாரிடம் கோருகிறானோ அவர் பக்கம் நிற்கிறது. இரு மொழிகளிலும் சட்டங்களைப் படிக்கும் மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய வழக்கு

தமிழ்நாட்டில் 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் ஆட்சித்தமிழ் வளர்ந்தது. பல பதவிப் பெயர்களில் 'அதிகாரி' குறைந்து, 'அலுவலர்', 'ஆட்சியர்' என்பவை இடம்பிடித்தன. கிராம நிர்வாக அலுவலர், மாவட்ட வருவாய் அலுவலர் என்பன சான்றுகள். இலங்கைத் தமிழில் பழைய சொல் வலுவாக நிற்கிறது. தமிழ்நாட்டில் ஆணையம், குழுமம் என்று வழங்கும் அமைப்புகளுக்கு அங்கே 'அதிகார சபை' என்று பெயர். நகர அபிவிருத்தி அதிகார சபை ஓர் எடுத்துக்காட்டு.

இலங்கை அரசியலில் 'அதிகாரப் பகிர்வு' என்பது மிகுந்த விவாதத்துக்கு உள்ளான தொடர். 1987-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் மாகாண சபைகளுக்கு வழிவகுத்தது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் மாகாணங்களுக்கு எதுவரை உண்டு என்ற வாதம் அதன் பின்னரும் தொடர்ந்தது. இங்கும் கேள்வி எல்லை பற்றியதே.

'அதிகாரம் பண்ணுகிறான்' என்று பேச்சுத் தமிழில் சொன்னால் அது பாராட்டு அல்ல. தனக்கு ஒப்படைக்கப்படாத இடத்தில் ஒருவன் ஆணையிடுகிறான் என்ற குறையே அதில் ஒலிக்கும். சட்டத்தமிழ் இதையே 'அதிகார வரம்பு மீறல்' என்கிறது. அவ்வாறு பிறந்த ஆணையை நீதிமன்றம் செல்லாது என அறிவிக்கலாம். இலக்கணத்தில் ஒரு விதி தன் அதிகாரத்துக்கு அப்பால் செல்லாது. ஆட்சியிலும் ஓர் ஆணை செல்லுமா என்பதை அறிய, அதை இட்டவருக்கு எது ஒப்படைக்கப்பட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.