வாசித்துக் காட்ட ஆளில்லாத கையெழுத்து

யாழ்ப்பாணத்தில் காணி உறுதி முடித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நொத்தாரிசு உறுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். விளங்காதவருக்கு விளங்கப்படுத்துவார். இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து அல்லது கைநாட்டு.

இது அந்த நொத்தாரிசின் பெருந்தன்மை அல்ல. சட்டம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது என்றது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதே விதிதான். வாசித்துக் காட்டும் கடமையை 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவர் தலையில் சுமத்தியது. அந்தப் பழக்கத்தோடுதான் எம்மவர்கள் விமானம் ஏறினார்கள்.

இங்கே மார்க்கத்தில் ஒரு பிளாசாவில் கடை எடுக்கப் போனால் நிலைமை வேறு. ஐந்து வருட லீஸ், ஐம்பது பக்கம், பொடி எழுத்து. நொத்தாரிசும் இல்லை, வாசிப்பவரும் இல்லை. "இது எல்லாருக்கும் குடுக்கிற வழமையான போம்தான் அண்ணை, இதில வையுங்கோ" என்று ஏஜென்ட் விரலால் காட்டுவார். அவ்வளவுதான்!

ஒப்பமிட்டவர் வாசித்தவராவார் என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? 1934இல் இங்கிலாந்தில் தீர்ந்த ஒரு வழக்கைச் சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். வேல்ஸ் நாட்டின் லான்டட்னோவில் சிறிய தேநீர்க்கடை வைத்திருந்த லெஸ்ட்ரேஞ்ச் என்ற பெண், சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரம் ஒன்றை வாங்கினார். கொஞ்ச நாளிலேயே இயந்திரம் பழுதானது. அவர் ஒப்பமிட்ட மண்ணிறக் கடதாசியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், எந்த உத்தரவாதமும் கிடையாது என்று இருந்தது. கையெழுத்து வைத்தாயிற்று, வாசித்தாலென்ன வாசிக்காவிட்டாலென்ன, கட்டுப்பட்டவர்தான் என்றது நீதிமன்றம். தீர்ப்பளித்த இருவரில் ஒருவர் வருத்தத்தோடுதான் அப்படிச் சொன்னார். விற்பனையாளருக்காக வாதாடிய இளம் சட்டத்தரணி டெனிங். பிற்காலத்தில் புகழ்பெற்ற நீதிபதியாகி, இப்படியான பொடி எழுத்து விதிகளை எதிர்த்தே தீர்ப்பெழுதியவரும் இவர்தான்.

ஒன்ராறியோவுக்கும் வந்தது இந்த ஆங்கிலச் சட்டமே. ஆனால் இங்கே அது மெல்ல மெல்ல இளகிய கதையும் உண்டு.

1978இல் ரில்டன் என்ற வாடகைக் கார் நிறுவனத்தின் வழக்கு. அவசரத்தில் ஒப்பமிடும் வாடிக்கையாளர், பின்பக்கத்தில் இருக்கும் கடுமையான விதியை வாசித்திருக்க மாட்டார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அப்படியிருந்தும் அதைச் சுட்டிக்காட்டவில்லையென்றால் அந்த விதி அவரைக் கட்டுப்படுத்தாது என்றது ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம்.

2000இல் ஆர்தர் விஷார்ட் சட்டம். பெரிய நிறுவனத்தின் பெயரில் பீட்சாக் கடையோ கோப்பிக் கடையோ எடுப்பவருக்கு, அதாவது பிரான்சைஸ் எடுப்பவருக்கு, ஒப்பமிடுவதற்கோ காசு கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பே எல்லா விபரமும் அடங்கிய பத்திரம் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டு வருடத்துக்குள் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்யலாம்.

2020இல் ஊபர் வழக்கு. றொறன்ரோவில் சாப்பாடு விநியோகித்த ஒரு சாரதி, நிறுவனத்தோடு பிணக்கு வந்தால் நெதர்லாந்தில்தான் தீர்க்கவேண்டுமாம். அதைத் தொடங்கவே 14,500 அமெரிக்க டொலர் கட்டவேண்டுமாம். அந்த விதி செல்லாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எம்மவர்கள் அதிகமாக மாட்டுப்படுவது காரிலும் ஊபரிலும் அல்ல, கடை லீஸில். மேலே சொன்ன தளர்வுகள் அங்கே பெரிதாக உதவுவதில்லை. பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க நேரம் இருந்தது, இருவரும் வியாபாரிகள் என்றுதான் சட்டம் பார்க்கும்.

வீட்டு வாடகைக்கு இருப்பவரை எழுப்ப ஒரு சபையின் கட்டளை தேவை. கடைக்காரருக்கு அப்படியில்லை. வாடகை 15 நாள் பிந்தினால், எந்த நீதிமன்றக் கட்டளையும் இல்லாமல் கட்டட உரிமையாளர் பூட்டை மாற்றலாம். வாடகை உயர்வுக்கும் உச்சவரம்பு இல்லை. அடிப்படை வாடகைக்கு மேலே ரி.எம்.ஐ என்று வரி, பராமரிப்பு, காப்புறுதிச் செலவும் வந்து சேரும்.

மார்க்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ரீல்ஸ், கென்னடிச் சந்தியில் அருகருகே இரண்டு சந்தைக் கட்டடங்கள் இருந்தன. 1997இல் திறந்த பசிபிக் மோலில் கடைகள் கொண்டோ முறையில் தனித்தனியாக விற்கப்பட்டவை. பக்கத்திலிருந்த மார்க்கெட் வில்லேஜில் கடைகள் வாடகைக்கு. 2018இல் மார்க்கெட் வில்லேஜ் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. பசிபிக் மோல் நிற்கிறது. ஒரே வாடிக்கையாளர்கள், ஒரே வாகனத் தரிப்பிடம், வேறு வேறு பத்திரம்! உங்கள் லீஸில் கட்டடத்தை இடிக்க நினைத்தால் இத்தனை மாத அறிவித்தலோடு எழுப்பலாம் என்ற ஒரு பந்தி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால், நீங்கள் போட்ட குளிர் அறையும் அடுப்பும் அந்த அறிவித்தல் வரும் வரைக்கும்தான்.

எல்லாவற்றிலும் கொடியது கடைசிப் பக்கம். கம்பனி பதிந்தால் கடன் கம்பனியோடு நிற்கும், வீடு தப்பும் என்று நம்புகிறோம். கடைசிப் பக்கத்தில் இருக்கும் தனிப்பட்ட உத்தரவாதம் அந்த நம்பிக்கையை ஒரே கையெழுத்தில் உடைத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பலசரக்குக் கடையை மூன்றாம் வருடத்தில் மூடியது. மிச்சம் இரண்டு வருட வாடகைக்கான கோரிக்கைக் கடிதம் கம்பனிக்கு வரவில்லை, வீட்டுக்கு வந்தது. ஒரு நாளும் கல்லாவில் இருந்திராத மனைவியின் பெயரும் அதில் இருந்தது. சாட்சிக் கையெழுத்து என்று நினைத்தே அவர் வைத்திருந்தார். அவர்கள் கடையை விட்டுப் போனபிறகும் மிச்சக் காலத்து நட்டத்தைக் கட்டட உரிமையாளர் கேட்கலாம் என்பது 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விடயம். அந்த வழக்கும் ஒரு கடைத்தொகுதியைப் பற்றியதே.

இதற்கு மாற்று இல்லையா? கனடாவுக்குள்ளேயே இருக்கிறது. அல்பேட்டா மாகாணத்தில், சில விலக்குகள் தவிர, தனிநபர் ஒருவர் கொடுக்கும் உத்தரவாதம் செல்லுபடியாக வேண்டுமானால் அவர் ஒரு சட்டத்தரணி முன் தோன்றவேண்டும். அவருக்கு விளங்கியிருக்கிறது என்று சட்டத்தரணி சான்றிதழ் தரவேண்டும். கிட்டத்தட்ட எங்கள் ஊர் நொத்தாரிசு முறைதான்! ஒன்ராறியோவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. தேர்தல் காலத்தில் எங்கள் கடைகளுக்குக் கும்பிடு போட்டு வரும் வேட்பாளர்களிடம், வீதிக்குப் பெயர் வைப்பதைப் பற்றிக் கேட்பதோடு இதையும் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

அந்தச் சட்டம் வரும்வரை நொத்தாரிசை நாமேதான் தேடிப்போக வேண்டும். ஏஜென்ட் காட்டும் லோயரிடம் அல்ல, உங்களுக்கென்று ஒருவரிடம். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவசமாகவே பேசலாம். உத்தரவாதத்தை முதல் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று குறுக்கக் கேளுங்கள். இடிக்கும் பந்தி இருந்தால் நட்டஈடு எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், ஒப்பமிடும் முன்பு மட்டும்தான் உங்களுக்கு இப்படிக் கேட்கும் பலம் இருக்கிறது.