புத்தர் நள்ளிரவில்தான் வீட்டை விட்டுப் போனாரா?

விசாக தினம் வந்தால் நாம் கேட்கும் கதை ஒன்று உண்டு. தூங்கும் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, சித்தார்த்தர் நள்ளிரவில் குதிரையேறிப் போனார் என்பதே அது. புத்தசரிதம், ஜாதகக் கதைகளின் உரை முதலிய பிற்கால நூல்களில் இக்காட்சி விரிவாக வருகிறது.

பழைய பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் தாமே கூறுவது வேறு. பெற்றோர் சம்மதியாமல் கண்ணீர் விட்டு அழ, தலைமுடியும் தாடியும் மழித்து, காவி உடுத்தி அவர் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 29 என்கிறது தீக நிகாயம்.

பாலி விநய பிடகத்தில் மனைவியின் பெயர்கூட இல்லை. 'ராகுலனின் தாய்' என்றே குறிக்கப்படுகிறார். யசோதரை என்ற பெயர் பிந்திய நூல்களில் வருவது.

ஞானம் பெற்றபின் புத்தர் கபிலவஸ்து வந்தார். தாய் சொல்லி அனுப்ப, சிறுவன் ராகுலன் தந்தையிடம் தன் சொத்துப் பங்கைக் கேட்டான். சாரிபுத்திரரைக் கொண்டு அவனைத் துறவியாக்கினார் புத்தர். மகனோடு பேரனையும் இழந்த சுத்தோதனர் மனம் நொந்து முறையிட்டார். பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்கக் கூடாது என்று அன்று விதி பிறந்தது.

பிக்கு சங்கத்தில் சேர வருபவரிடம் இன்றும் அந்தச் சம்மதம் கேட்கப்படுகிறது.